கட்டற்ற மென்பொருளும் கலைக்கல்லூரி மாணவரும்

(இளங்கலைத் தமிழிலக்கியம், மூன்றாம் ஆண்டு)

நம் கல்லூரி நூலகத்தின் மாடியறையில் பதினொரு கணிப்பொறிகள் இருப்பதை நண்பர்கள் அறிவீர்கள். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து காலைப் பேருந்தில் வந்து மாலைப் பேருந்தில் திரும்பும் மாணவ மாணவியருக்கு ஒப்படைப்பு எழுதுவதற்கும், உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதற்கும், தேர்வு முடிவு பார்ப்பதற்கும் அவையே துணை. கைப்பேசிதான் எல்லாரிடமும் இருக்கிறதே என்பர் சிலர். இருபது பக்க ஒப்படைப்பைக் கையகலத் திரையில் தட்டச்சு செய்து பார்த்தவர் எவரும் அவ்வாறு சொல்லமாட்டார்.

அந்தப் பதினொன்றுள் ஒன்றேனும் 2014-ஆம் ஆண்டுக்குப் பின் வாங்கப்பட்டதன்று. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 குடியேற வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு கணிப்பொறிக்குள் இருக்க வேண்டும். மையச் செயலகம் இன்டெல்லாக இருப்பின் அது பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். நம் நூலகத்துக் கணிப்பொறிகளுக்கு இவ்விரண்டும் இல்லை. அவற்றில் பழுதொன்றுமில்லை. விசைப்பலகை தேயவில்லை, திரை மங்கவில்லை. ஆயினும் கழிக்கப்பட வேண்டியவை என்ற பட்டியலில் அவை சேரவிருந்தன.

"புதுசு கேட்டு எழுதியிருக்கேம்மா. எப்ப வரும்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் மாடியைப் பூட்டிட வேண்டியதுதான்" என்றார் நூலகர் ஐயா. அருகில் நின்ற கணிப்பொறி அறிவியல் துறைத் தோழி, "டெபியன் போட்டுப் பார்க்கலாமா ஐயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய வேலைதான் இக்கட்டுரைக்குப் பொருள். தமிழ் படிப்பவளுக்கு இயங்குதளத்தில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. இன்று என் எண்ணம் வேறு. கட்டற்ற இயங்குதளம் ஒன்று பெருநிறுவனத்தின் பொருளோடு போட்டியிட்டு நிற்க வேண்டுமானால் இனி அதற்குத் தேவைப்படுவோர் நிரல் எழுதுவோர் மட்டுமல்லர். மொழி அறிந்தோரும், பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுக்கும் பொறுமை உடையோரும் தேவைப்படுகின்றனர். அவர்கள் கலைக்கல்லூரியில் இல்லாமல் வேறெங்கே இருப்பார்கள்?

கட்டற்ற மென்பொருள் என்பதை இலவச மென்பொருள் என்று கொண்டுவிடக் கூடாது. ஆங்கிலத்தில் இவ்விரு பொருளையும் ஒரே சொல் சுமப்பதால் அங்கே ஓயாத குழப்பம். தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டின்மை வேறு. எந்த நோக்கத்திற்கும் இயக்கிப் பார்க்கலாம். உள்ளிருக்கும் மூல நிரலைப் படித்து வேண்டியபடி மாற்றலாம். படியெடுத்துப் பிறர்க்குக் கொடுக்கலாம். மாற்றியமைத்த வடிவத்தையும் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகளும் உள்ளதே கட்டற்ற மென்பொருள். விலைக்கு விற்றாலும் இந்நான்கும் இருந்தால் அது கட்டற்றதே. காசில்லாமல் கொடுத்தாலும் இந்நான்கும் இல்லையெனில் அது கட்டுண்டதே.

இதன் வரலாறு சுவையானது. 1976 பிப்ரவரியில் இருபது வயது இளைஞராயிருந்த பில் கேட்ஸ், கணிப்பொறியைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தாம் உருவாக்கிய பேசிக் மொழி மென்பொருளைப் பலரும் காசு கொடாமல் படியெடுத்துக் கொள்கின்றனர் என்பது அவர் குறை. கூலி இல்லாமல் தேர்ந்த மென்பொருளை எவன் எழுதுவான் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். 1983 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், குனூ என்ற பெயரில் முழுமையான கட்டற்ற இயங்குதளம் ஒன்றைத் தொடங்கப் போவதாக அறிவித்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவர் ஆய்வகத்திற்கு வந்த ஓர் அச்சுப்பொறி அடிக்கடி தாள் சிக்கி நின்றதும், அதன் நிரலைத் திருத்தலாமென்றால் மூலநிரல் தரப்படாததும் அவர் மனத்தை உறுத்தியவற்றுள் ஒன்று. குனூவின் பல உறுப்புகள் உருவாகியும் நடுவில் இருக்க வேண்டிய கருநிரல் மட்டும் நிறைவு பெறவில்லை. 1991 ஆகஸ்டு 25-ஆம் நாள் பின்லாந்தின் எல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஒன்று செய்துகொண்டிருப்பதாகவும் அது பெரிதாக ஒன்றும் வராது என்றும் அறிவித்தார். அவருக்கு வயது இருபத்தொன்று. ஏறத்தாழ நம் வயது! அப்பொழுதுபோக்கே லினக்ஸ். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற மற்றொரு மாணவர் டெபியனைத் தொடங்கினார். கூலியில்லாமல் எவன் எழுதுவான் என்ற கேள்விக்கு மாணவர்கள் சொன்ன விடை இது.

சரி, இத்தனை நல்ல பொருள் கையில் இருந்தும் நம் மேசைகளில் அது இல்லையே, ஏன்? தரம் குறைவு என்று சொல்ல முடியாது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணிப்பொறிகளும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருநிரலும் லினக்ஸே. 2001-இல் மைக்ரோசாஃப்டின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். அதே நிறுவனம் 2016-இல் லினக்ஸ் அறக்கட்டளையில் உறுப்பினராகச் சேர்ந்தது. பகைவர் வீட்டிலும் விளக்கேற்றிய பொருளுக்கு நம் வீட்டு மேசையில் இடமில்லை என்றால் காரணத்தை வேறெங்கோதான் தேட வேண்டும்.

காரணங்களுள் ஒன்று கடையில் இருக்கிறது. ஒரு காலத்தில், உற்பத்தியாளர் அனுப்பும் கணிப்பொறி ஒவ்வொன்றுக்கும், அதில் தன் இயங்குதளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மைக்ரோசாஃப்டுக்குத் தொகை செலுத்தும்படியான ஒப்பந்தங்கள் இருந்தன. 1994-இல் அமெரிக்க நீதித்துறையோடு ஏற்பட்ட உடன்பாட்டின் மூலம் அம்முறை நிறுத்தப்பட்டது. ஆனால் பெட்டியைத் திறக்கும்போதே உள்ளே விண்டோஸ் இருக்கும் என்ற வழக்கம் நிலைத்துவிட்டது. வாங்குபவர் தேர்ந்தெடுப்பதில்லை, தேர்ந்தெடுக்கப்பட்டதை வாங்குகிறார்.

உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீட்டைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் ஒரு வேடிக்கை செய்தார். அத்திட்டத்தின் பிழைப்பட்டியலில் முதலாம் எண் பிழையாக, சந்தையில் மைக்ரோசாஃப்டின் ஆதிக்கம் இருப்பதையே பதிவு செய்தார். 2013 மே மாதத்தில் அப்பிழை தீர்ந்ததாக மூடப்பட்டது. மேசைக் கணிப்பொறியில் உபுண்டு வென்றதனாலன்று. கைப்பேசிகளும் கைக்கணிகளும் வந்து களத்தையே மாற்றிவிட்டதனால்! மேசையைப் பொறுத்தவரை அந்தப் பிழை இன்னும் திறந்தே இருக்கிறது என்பது என் கருத்து.

மற்றொரு காரணம் பழக்கம். இதற்கு என் வீட்டிலேயே சான்றுண்டு. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் பெரியப்பா மகள் ஒரு மடிக்கணினி பெற்றார். அதில் விண்டோஸும் இருந்தது. பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம். கணிப்பொறியைத் திறக்கும்போதெல்லாம் எது வேண்டும் என்று அது கேட்கும். "அது எதுக்குக் கேக்குதுன்னே தெரியாதுடி. முதல்ல நின்னதை விட்டுட்டுக் கீழ போய் இன்னொன்னை அமுக்கிருவேன்" என்று அக்கா இன்றும் சொல்லிச் சிரிப்பார். நான்காண்டுகள் அவர் அந்த மடிக்கணினியை வைத்திருந்தார்; ஒரு நாளும் பாஸைத் திறந்து பார்த்ததில்லை. திறந்து பார் என்று சொன்னவரும் இல்லை. அரசு கொடுத்தது, நாட்டிலேயே செய்தது, தமிழிலும் இயங்குவது, காசும் இல்லை. இத்தனை இருந்தும் பக்கத்தில் அமர ஒருவர் இல்லாததால் பயனின்றிப் போயிற்று.

ஆதலின் நூலகத்தில் வேலை தொடங்கியபோது, நிறுவுவதைவிட அதற்குப் பின் வரும் நாட்களையே பெரிதாக எண்ணினோம். நிறுவுவது எளிதாகவே முடிந்தது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-ஐ ஒரு விரலளவு நினைவகக் குச்சியில் ஏற்றிக்கொண்டு, இயற்பியல் துறை நண்பர் இருவரும் தோழியும் நானுமாக இரண்டு சனிக்கிழமைகள் மாடியில் அமர்ந்தோம். முதல் திரையில் மொழிப்பட்டியல் வந்தது. தோழி வழக்கம்போல் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்கப் போனாள். பட்டியலின் கீழே தமிழ் இருந்ததைக் கண்டு நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தமிழைத் தேர்ந்தோம். அடுத்த திரைகள் எல்லாம் தமிழில் வந்தன! நேர மண்டலம் கேட்டது, கடவுச்சொல் கேட்டது, வட்டைப் பிரிக்கட்டுமா என்று கேட்டது, எல்லாம் தமிழில். இதை மொழிபெயர்த்தவர் யார் என்று நாங்கள் அறியோம். அவருக்கு இதற்கென்று கூலி எதுவும் கிடைத்திராது. நம் ஊர் நூலகத்தின் மாடியில் நான்கு பேர் வாய்பிளந்து நின்றது அவருக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை.

கணிப்பொறிகளில் நினைவகம் நான்கு கிகாபைட்டுதான். ஆகவே அலங்காரம் குறைந்த எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற திரைமுகத்தைத் தேர்ந்தோம். முன்பு திறப்பதற்குள் தேநீர் அருந்தி வரலாம். இப்போது உட்காருமுன் திறந்துவிடுகிறது. ஒரு கணிப்பொறியின் வன்தட்டு உண்மையாகவே பழுதாகியிருந்தது. அது ஒன்று போயிற்று. அச்சுப்பொறியை இணங்கவைக்க அரைநாள் ஆயிற்று. வணிகவியல் துறையினருக்கு டேலி கற்க வேண்டும். அது விண்டோஸில் இயங்குவது. ஆதலால் இரண்டு கணிப்பொறிகளை விண்டோஸோடு அப்படியே விட்டு, இணைய இணைப்பைக் கழற்றிவைத்தோம். கொள்கைக்காக ஒரு வகுப்பின் படிப்பைக் கெடுப்பது முறையாகாது என்று நூலகர் ஐயா சொன்னதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆக எட்டுக் கணிப்பொறிகளில் டெபியன் குடியேறியது.

பிறகுதான் உண்மையான வேலை. "வேர்டு எங்கே?" என்ற கேள்வி முதல் வாரத்தில் எத்தனை முறை வந்தது என்று கணக்கில்லை. வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் ரைட்டர், எக்ஸெலுக்குப் பதில் கால்க் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். மாலை 3.30-க்குப் பின் எங்களில் ஒருவர் மாடியில் இருப்பதென்று முறை வைத்துக்கொண்டோம். வரலாற்றுத்துறை முதலாமாண்டு மாணவர் ஒருவர், "அக்கா, இது வேற கம்ப்யூட்டரா? நான் எதையாவது தொட்டு கெட்டுப்போச்சுன்னா?" என்று தயங்கி நின்றார். அந்த அச்சத்தை எந்த விளம்பரத்தாலும் போக்க முடியாது. அருகில் அமர்ந்து, "தொடு தம்பி, ஒன்றும் ஆகாது" என்றால் போதும். இரண்டாம் வாரம் அவர் தம் நண்பர்க்குச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார்.

பெருந்தடையாக வந்தது நம் பழைய தமிழ்க் கோப்புகளே. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; துறை அலுவலகங்களில் பணிபுரிவோர்க்கும் பயன்படும். ஒருங்குறி எனப்படும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தும், நம் அலுவலகங்களும் அச்சகங்களும் நெடுநாள் பாமினி முதலிய தனித்தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்துவந்தன. அவற்றில் எழுதப்படுவது கண்ணுக்குத்தான் தமிழ். கணிப்பொறிக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. பாமினியில் "தமிழ்" என்று அடித்த சொல்லை அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் காட்சிதரும். அகர வரிசைப்படுத்த முடியாது, தேட முடியாது. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்ற பின்னும் பழைய கோப்புகள் பழையபடியே கிடக்கின்றன.

நூலகத்தின் தமிழ் நூற்பட்டியல் முழுவதும் அவ்வாறுதான் இருந்தது. டெபியனில் அதைத் திறந்ததும் பக்கம் பக்கமாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்! "பாத்தியாம்மா, இதுக்குத்தான் பழசே இருக்கட்டும்னு சொன்னேன்" என்றார் அலுவலக உதவியாளர் அம்மா. அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பட்டியல் கெடவில்லை, அது முன்பும் அப்படியேதான் இருந்தது, எழுத்துரு என்னும் முகமூடி மறைத்திருந்தது. ஆனால் பயன்படுத்துவோர்க்கு இந்த விளக்கத்தால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது பட்டியல். பைதான் மொழியில் தன்னார்வலர் எழுதிவைத்துள்ள ஓபன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பில் பழைய எழுத்துருக்களை ஒருங்குறிக்கு மாற்றும் பகுதி இருக்கிறது. தோழி அதைக்கொண்டு பட்டியலை மாற்றினாள். ஆங்கில நூற்பெயர்கள் இடையிடையே கலந்திருந்ததால் அவையும் தமிழாக மாறி உளறின. அவற்றைப் பிரித்தெடுத்துத் திருத்தும் பணி எனக்கு வந்தது. மூன்று வாரம் பிடித்தது. இன்று நூலகப் பட்டியலில் ஒரு சொல்லைத் தமிழில் அடித்துத் தேடலாம். அதற்காகத் தமிழ்99 விசைப்பலகையை எல்லாக் கணிப்பொறிகளிலும் வைத்திருக்கிறோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட இவ்விசைப்பலகையைக் கற்க ஒரு வாரம் போதும். உயிர் இடப்புறம், மெய் வலப்புறம். கணிப்பொறிக்குப் புதியவர்களே அதை விரைவில் கற்கின்றனர் என்பது நான் கண்டது.

இனி மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். என் மனம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

திரையில் தோன்றும் ஒவ்வொரு தொடரும் ஒரு கோப்பில் ஆங்கிலமும் தமிழும் இணைகளாக வைக்கப்பட்டிருக்கிறது. தமிழ் வரி காலியாக இருந்தால் ஆங்கிலமே திரையில் வரும். எக்ஸ்.எஃப்.சி.இ.-இல் சில இடங்களில் தமிழும் சில இடங்களில் ஆங்கிலமும் கலந்து வருவது இதனால்தான். காலியான வரிகளை நிரப்பலாம் என்று உட்கார்ந்தேன். அகராதி ஒன்று இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் பின்வருவதைக் கேளுங்கள்.

ஒரு கோப்பை அழிக்குமுன் கணிப்பொறி நம்மைக் கேட்கிறது. ஆங்கிலத் தொடரில் கோப்பின் பெயருக்கு ஓர் இடம் விடப்பட்டிருக்கும். அந்த இடத்தை அடுத்து "ஐ" உருபைச் சேர்த்து "நீக்கவா?" என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். கோப்பின் பெயர் "கடிதம்" என்றிருந்தால் திரையில் வருவது "கடிதம்ஐ நீக்கவா?" என்பது! மகர ஈறு அத்துச் சாரியை பெற்றுக் "கடிதத்தை" என்றாக வேண்டும். "வீடு" எனில் ஒற்று இரட்டித்து "வீட்டை" என்றாகும். கணிப்பொறி நன்னூல் படித்ததில்லை. இடத்தில் என்ன பெயர் வந்து விழும் என்பதும் அதற்கு முன்கூட்டித் தெரியாது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் வேற்றுமைக்காக உரு மாறுவதில்லையாதலால் அம்மொழியில் சிந்தித்து இந்த ஏற்பாட்டைச் செய்தவர்க்கு இத்தொல்லை கனவிலும் தோன்றியிராது. பேராசிரியர் அம்மா ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் சற்றும் யோசியாமல், "உருபை ஏன் அந்தப் பெயரோடு ஒட்டுகிறாய்? ‘கடிதம் என்னும் கோப்பை நீக்கவா’ என்று எழுது" என்றார். இடத்தில் எப்பெயர் வந்தாலும் உருபு "கோப்பு" என்ற சொல்லிலேயே ஏறும், பிழையே வராது. இலக்கண வகுப்பில் சாரியை படிக்கும்போது இது எதற்குப் பயன்படப்போகிறது என்று முணுமுணுத்தவர்களுள் நானும் ஒருத்தி.

மற்றொன்று, ஏவலும் வியங்கோளும். திரையில் உள்ள பொத்தானில் "திற" என்றிருக்கலாம்; ஏனெனில் அது நாம் கணிப்பொறிக்கு இடும் ஆணை. "கடவுச்சொல்லைத் தருக" என்பது கணிப்பொறி நம்மிடம் கேட்பது. அங்கே மரியாதை வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வினைச்சொல்லின் வடிவம் ஒன்றே. ஆகவே முன்பு மொழிபெயர்த்த சிலர் எல்லாவற்றையும் ஏவலாக்கி விட்டனர், கணிப்பொறி நம்மை "உள்ளிடு!" என்று அதட்டுகிறது. வேறு சிலர் எல்லாவற்றையும் "திறக்கவும், மூடவும், நகலெடுக்கவும்" என்று ஆக்கிவிட்டனர். அரசு அலுவலக அறிவிப்புப் பலகை போல் இருக்கிறது. யார் யாரிடம் பேசுகிறார் என்று ஒவ்வொரு தொடரிலும் பார்த்து எழுத வேண்டும். எண்ணும் அப்படியே. "5 கோப்புகள்" என்றுதான் எழுத வேண்டுமா? "ஐந்து மாடு வந்தன" என்பது தமிழில் பிழையன்றே. பால்பகா அஃறிணைப் பெயர் என்று அதற்கு இடமுண்டே! இதில் நானும் தோழியும் இன்னும் உடன்படவில்லை.

சொற்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓரிடத்தில் "அச்சுப்பொறி ஓட்டுநர் கிடைக்கவில்லை" என்றிருந்தது. அச்சுப்பொறிக்கு ஓட்டுநர் எதற்கு? உண்மையில் அச்சுப்பொறியை இயக்கும் சிறு மென்பொருளையே அது குறித்தது. "இயக்கி" என்று பலரும் வழங்கிவரும் நல்ல சொல் இருக்கிறது. "கோப்பு" என்பது நம் அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் வழங்கிவந்த சொல்; அதனால் யாரும் மிரளுவதில்லை. "சுட்டி" குழந்தைக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் தூய்மை வேண்டி யாருக்கும் விளங்காத சொல்லைப் படைத்துவைத்த இடங்களில், பயனர் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு விடுகிறார். நூலகத்திலேயே மூவர் அப்படி மாற்றிவைத்துச் சென்றதைக் கண்டேன். தமிழ்ப்பற்று என்ற பெயரால் தமிழைத் திரையிலிருந்து விரட்டுவது இது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம், வரட்டும்.

விண்டோஸிலும் தமிழ் முகப்பு உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அதில் "ஓட்டுநர்" என்று ஒரு சொல் இருந்தால் நாம் வேண்டுகோள்தான் விடுக்கலாம். திருத்துவது அந்நிறுவனத்தின் விருப்பம். இங்கோ நான் அனுப்பிய திருத்தங்களை மொழிபெயர்ப்புக் குழுவில் மூத்தவர் ஒருவர் படித்துப் பார்த்து, பதினெட்டை ஏற்று, நான்கைக் காரணத்தோடு திருப்பி அனுப்பினார். அவரை நான் நேரில் கண்டதில்லை. திருப்பி அனுப்பிய நான்கில் மூன்றுக்கு அவர் சொன்ன காரணம் சரியே; நான்காவதைப் பற்றி மீண்டும் எழுதியிருக்கிறேன்.

இம்முயற்சிகள் எல்லாம் நிலைக்குமா என்ற ஐயம் எழுவது இயல்பு. செருமனியின் மூனிக் மாநகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தது. அதைத் தடுப்பதற்காக ஸ்டீவ் பால்மரே நேரில் சென்று மேயரைச் சந்தித்தார் என்றால் போட்டியின் வேகத்தை எண்ணிப் பாருங்கள். பத்தாண்டு உழைத்து ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகளை மாற்றி முடித்தனர். ஆயினும் 2017-இல் மாநகர மன்றம் மீண்டும் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. மேயர் மாறினார், ஊழியர் முறையிட்டனர், பிற அலுவலகங்களின் கோப்புகள் ஒத்துவரவில்லை. காரணங்கள் பலவாகச் சொல்லப்படுகின்றன. மறுபுறம் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வி கட்டற்ற மென்பொருளிலேயே நடக்கிறது. கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தைத் தொகுத்து அளிக்கிறது. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தனர்; பாடநூலையே அதற்கேற்ப எழுதினர். மூனிக்கில் வளர்ந்த ஊழியர்களின் பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. கேரளத்தில் பழக்கம் ஏற்படுமுன்னரே சிறுவர்களிடம் சென்றனர். வேறுபாடு இதில்தான் என்று நான் கருதுகிறேன். செல்வமிக்க மாநகரம் ஒன்றால் நிலைநிறுத்த முடியாததைப் பள்ளியாசிரியர்கள் நிலைநிறுத்தியிருக்கிறார்கள்.

நம் நூலகத்தில் என்ன ஆகும் என்று சொல்வதற்கில்லை. புதிய கணிப்பொறிகள் வரலாம். அவற்றில் வேறு ஏதேனும் ஏற்றப்பட்டு வரலாம். இயற்பியல் நண்பர்கள் இருவரும், தோழியும், நானும் இவ்வாண்டோடு விடைபெறுகிறோம். டெபியன் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறையே புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஆகவே நான் அனுப்பித் தமிழ்க்குழு ஏற்ற அப்பதினெட்டுத் தொடர்களும் நூலகத்துத் திரைக்கு வந்துசேரும்போது நாங்கள் இங்கே இருக்கமாட்டோம். முதலாமாண்டு மாணவர் ஐவர் மாலை முறையை ஏற்றுக்கொள்ள முன்வந்திருக்கின்றனர். இன்னும் மூவர் தேவை. கணிப்பொறி அறிவியல் படித்திருக்க வேண்டுமென்பதில்லை.

நிரப்பப்படாத வரிகள் இன்னும் பல இருக்கின்றன. அவற்றை அச்சிட்டு நூலகர் ஐயாவின் மேசையில் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். விரும்புவோர் பென்சிலால் எழுதிச் செல்லலாம். நாம் எதையும் தேர்ந்தெடுக்காதபோது கணிப்பொறி தானாக மேற்கொள்ளும் ஏற்பாட்டைக் குறிக்கும் சொல்லுக்கு மட்டும் இதுவரை உடன்பாடு ஏற்படவில்லை. "இயல்புநிலை" என்கிறாள் தோழி. "முன்னிருப்பு" என்று குழுவில் எழுதிவருகிறார்கள். "சொல்லாவிட்டால் இது" என்று அலுவலக உதவியாளர் அம்மா சொன்னார். பொருள் அதில்தான் தெளிவாக இருக்கிறது, ஆனால் பொத்தானில் அடங்காது. தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் ஒரு சொல் தந்துதவ வேண்டுகிறேன்.